சிவப்பு தெரிந்தால் யாரிடம் சொல்வது

ராத்திரி ஹோம் நர்ஸ் வேலையில் ஒரு வசதி உண்டு: நமக்குத் தூக்கம் வராததை யாரும் வியாதி என்று சொல்வதில்லை, அதற்காகவே ஆள் வைத்துக்கொள்கிறார்கள். அடுத்தவர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, அடுத்தவர் மூச்சைக் கேட்டுக்கொண்டே விடியலைப் பார்த்தவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். அப்பாவுக்கோ மாமியாருக்கோ சம்பளம் இல்லாமல்கூடச் செய்திருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது புரியாது. புரியாமலே இருக்கட்டும், அதுதான் அவர்களுக்கு நல்லது.

ஹோம் நர்ஸ் என்று பெயரே தவிர நான் நர்ஸிங் படித்தவன் இல்லை. மார்த்தாண்டத்துக்குப் பக்கத்திலிருந்து இருபது வயதில் திருவனந்தபுரம் வந்து, தம்பானூரில் ஒரு லாட்ஜில் ராத்திரி டெஸ்க்கில் இருபது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன். லாட்ஜை இடித்தார்கள், நான் ஏஜென்சியில் சேர்ந்தேன். மலையாளம் வாசிக்கக் கற்றது பஸ் போர்டுகளில். நர்ஸிங் கற்றது நடைபாதைக் கடையில் கிடைத்த, அட்டை கிழிந்த மலையாளப் பாடப்புத்தகத்தில். அதில் முதல் நாற்பது பக்கம் கிடையாது. அதனால் மனித உடம்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் நாற்பத்தொன்றாம் பக்கத்திலிருந்துதான்.

ஆறு வருஷத்தில் ஏழு வீடு பார்த்தேன். ஒரு வீட்டின் சுவர்க்கடிகாரம் பழகிவிட்டால் எனக்கு இருப்புக்கொள்ளாது, ஏதாவது காரணம் சொல்லிக் கிளம்பிவிடுவேன். இங்கே சொல்லப்போவது ஏழாவது வீட்டைப் பற்றி. முப்பத்தொரு வயதுக்காரர் ஒருவர் தன் வீட்டிலேயே இருக்கலாமா, கூடாதா என்று முடிவான சில வாரங்கள் அவை.

சின்ன வயசுக்காரர்கள்

எங்கள் தொழிலில் எல்லோருக்கும் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளத்தான் இஷ்டம். கொடுத்ததைக் குடிப்பார்கள், திருப்பினால் திரும்புவார்கள், நம் பெயரை மறந்தாலும் கையைப் பிடித்து நல்லா இரு என்பார்கள். முப்பது வயதில் சக்கர நாற்காலியில் இருப்பவர் வீட்டுக்கு ஆள் கிடைப்பது லேசில்லை. அவர்கள் ஏன் என்று கேட்பார்கள். ஜன்னலைத் திற, அந்தப் பாட்டை மாற்று என்பார்கள். அவர்களுக்கு இன்னும் ஐம்பது வருஷம் வாழ வேண்டியிருக்கிறது. நமக்குக் காலை எட்டு மணி ஆனால் போதும்.

வலியசாலை அக்ரஹாரத்தில் ஒரு வீட்டுக்கு மூன்று பேர் போய், மூன்று பேரும் ஒரு வாரம் தாண்டாமல் திரும்பிவிட்டார்கள். எங்களுக்கு வீடு பிரித்துக்கொடுக்கும் லதா மேடம் என்னைக் கூப்பிட்டார். அங்கே என்ன கோளாறு என்று கேட்டேன். பழைய ஃபைலைப் புரட்டிக்கொண்டே மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்: "கொழப்பம் ஒண்ணுமில்ல செல்வா, நல்ல குடும்பமாக்கும். பக்ஷே அந்தப் பையன் படுத்துக்கிட்டே நம்மள இன்டர்வியூ எடுப்பான்."

முதல் கேள்வியிலேயே தோற்றது

சாயங்காலம் ஏழரைக்குப் போய்ச் சேர்ந்தேன். ரகு கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நாலு வருஷத்துக்கு முன் மழையில் பைக் சறுக்கிக் கழுத்தெலும்பு முறிந்தவர். தோளும் முழங்கையும் அசையும், மணிக்கட்டு தூக்கும், விரல்கள் வராது, நெஞ்சுக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. உள்ளங்கையில் பட்டையால் கட்டிய ஒரு குச்சியை வைத்து லேப்டாப்பில் வேலை செய்வார். மற்றவர்கள் எழுதும் ப்ரோகிராமில் எங்கே தப்பு என்று கண்டுபிடிக்கும் வேலை. தப்பு கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்குகிற மனிதர் என்பது எனக்கு அப்போது தெரியாது.

வீட்டில் அவரும் அம்மாவும் மட்டும். அண்ணன் ஸ்ரீதர் பெங்களூரில். அம்மாவை நான் மாமி என்று கூப்பிட்டேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கைகழுவி, அறைக்குள் வந்ததும் வழக்கம்போல் மாமி பக்கம் திரும்பி, அவருக்குச் சாப்பாடு ஆயாச்சா, மாத்திரை ஆயாச்சா என்று விசாரித்தேன். மாமி பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் கட்டிலிலிருந்து குரல் வந்தது: "அண்ணா, எனக்குக் கழுத்துக்குக் கீழேதான் கேடு. கேள்வியைக் கொஞ்சம் மேலே பாத்துக் கேக்கலாம்."

தனிக்குடித்தனம்

எப்படியோ அந்த இன்டர்வியூவில் தேறிவிட்டேன். ராத்திரி எட்டு முதல் காலை எட்டு வரை நான், பகலில் ஷாஜி. ஷாஜி நெய்யாற்றின்கரைக்காரன், கைபலம் உள்ளவன், பேசினால் பாதி மலையாளம். வரும்போதும் போகும்போதும் விவரம் கைமாற்றிக்கொள்வோம்: மூத்திரப் பையில் எவ்வளவு, வயிறு போயிற்றா, தோல் எப்படி. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைத்து, முட்டிக்கு நடுவே ஒன்று, முதுகுக்கு ஒன்று, குதிகால் படாமல் ஒன்று என்று தலையணை வைத்து, நோட்டில் இடது, வலது என்று எழுதுவேன்.

ஒருநாள் விடியற்காலை திருப்பும்போது அவருடைய இடது கால் துள்ளி என் நெஞ்சில் ஓர் உதை கொடுத்தது. தசை தானாக இழுத்துக்கொள்வது, அவருக்கே தெரியாமல் நடப்பது. நான் சுவரில் போய்ச் சாய்ந்தேன். என்ன சத்தம் என்று கண்ணைத் திறந்தவரிடம் சொன்னேன். கால்களைப் பக்கத்து வீட்டுக்காரர்களைப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மன்னிச்சுக்கோங்கோ அண்ணா. அதுகள் ரெண்டும் நாலு வருஷமா தனிக்குடித்தனம். பண்றது எதையும் எங்கிட்டே சொல்றதில்லே."

நிலைப்படி

மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தன் பிள்ளையின் உடம்பில் நான் கழுவாத இடம் இல்லை, தொடாத இடம் இல்லை. அதில் அவருக்கு எந்தச் சங்கடமும் கிடையாது. என் கையைப் பார்த்துவிட்டு நகம் சின்னதாக வெட்டியிருக்கிறீர்கள் என்று முதல் நாளே பாராட்டினார். ஆனால் அடுக்களைக்குள் மட்டும் நான் நுழையக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவன் நான் என்பது ஒரு காரணம். கேட்டால் வேறு காரணங்களும் இருந்திருக்கும். எனக்குக் காப்பி நிலைப்படியில் வரும், நான் எடுத்துக்கொள்வேன். டம்ளரைக் கழுவிக் கொல்லையில் கவிழ்த்துவிடுவேன். என் வயதில் இதற்கெல்லாம் மனசு வலிக்கக் கூடாது என்று நினைத்திருந்தேன். லேசாக வலிக்கத்தான் செய்தது.

ஒரு காலை ரகுவுக்கு இருமல். வெந்நீர் அவசரமாக வேண்டும். மாமி வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். முட்டி தேய்ந்துபோனவர், உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தூணைப் பிடிக்க வேண்டும். நான் அடுக்களை நிலைப்படிவரை போய் நின்றுவிட்டேன். அவர் நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்து, வெந்நீரைக் கொடுத்து, அவர் பிள்ளைக்கு இருமல் அடங்கிய பிறகு என்னிடம் தனியாக வந்து சொன்னார்: "தப்பா நெனச்சுக்காதேங்கோ செல்வராஜ். எனக்கு உங்க மேலே ஒண்ணுமில்லே. இந்த அடுக்களைக்குப் பழக்கமில்லே, அவ்வளவுதானாக்கும்."

ஒரே ஒரு தடவை

நாலு மாதம் ஆயிற்று. மாமிக்கு இரண்டு முட்டியும் மாற்றாமல் தீராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெங்களூரில் ஸ்ரீதர் ஏற்பாடு செய்தார். ஆபரேஷன், நடைபழகல் எல்லாம் சேர்த்து ஐந்தாறு வாரம். அப்படியானால் ரகு? ஸ்ரீதரிடம் அதற்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. கோயம்புத்தூர் பக்கத்தில் ஒரு இடம். மலையடிவாரம், நல்ல காற்று, இருபத்துநாலு மணி நேரமும் நர்ஸ். ரகுவை அங்கே சேர்த்துவிட்டு வலியசாலை வீட்டைப் பூட்டி, மாமியைத் தன்னோடு வைத்துக்கொள்வது. ஸ்ரீதரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். தினம் ராத்திரி ஒன்பது மணிக்கு ஃபோன் பண்ணுகிற மனிதர். முதல் வருஷம் ரகுவுக்குப் பெட்சோர், அதாவது படுக்கைப்புண், வந்து ஐந்து மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வேலையை விட்டுவிட்டு வந்து பக்கத்தில் படுத்திருந்தவர். அந்தப் பயம் அவருக்குப் போகவில்லை.

ரகு ஒத்துக்கொள்ளவில்லை. தன் வீடு, தன் ஜன்னல், சாயங்காலம் கோயில் மணி கேட்டதும் தெருவில் சக்கர நாற்காலியில் ஒரு சுற்று, பகலுக்கு ஷாஜி, ராத்திரிக்கு நான். இதைவிட்டு எங்கும் வரமாட்டேன் என்றார். மூன்று நாள் ஃபோனில் வாக்குவாதம். கடைசியில் ஒரு உடன்பாடு வந்தது: மாமி திரும்பும்வரை ரகு சமாளித்துக் காட்டட்டும். காட்டிவிட்டால் கோயம்புத்தூர்ப் பேச்சே இனி கிடையாது. ஆள் மாறும் நேரத்தில் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் ஸ்ரீதர் சொன்னதை நானும் ஷாஜியும் கேட்டோம்: "சம்மதிச்சாச்சு ரகு. ஆனா ஒரே ஒரு தடவை அம்மா பயந்து ஓடி வரும்படி ஆச்சுன்னா, அப்புறம் நான் சொல்றதை நீ கேக்கணும்."

பெருங்காயம்

பெங்களூர் கிளம்பும்போது மாமி சாப்பாட்டுக்கு அடுத்த தெரு மெஸ்ஸில் சொல்லிவிட்டுப் போயிருந்தார், நானும் சாயங்காலம் ஆறு மணிக்கே வர ஆரம்பித்திருந்தேன். இரண்டு நாள் வந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் மெஸ்காரர் வீட்டில் ஏதோ சாவு, சாப்பாடு இல்லை. ஹோட்டலில் வாங்கலாம் என்றேன். ரகு நாற்காலியை உருட்டிக்கொண்டு அடுக்களை வாசலுக்குப் போனார். நிலைப்படி உயரம், நாற்காலி ஏறாது. அங்கேயே நிறுத்தி, என்னை உள்ளே போகச் சொன்னார். நான் தயங்கினேன். மாமிக்குத் தெரியாமல் வேண்டாம் என்றேன். தெரியாமல் எதற்கு, ராத்திரி ஃபோனில் நானே சொல்லிவிடுகிறேன், எனக்கும் இது வீடுதானே என்றார்.

வலது காலை எடுத்து வைத்தேன். ஏன் வலது காலை வைத்தேன் என்று கேட்காதீர்கள். உள்ளே அவ்வளவு சுத்தம். அவர் வாசலில் இடப்பக்கமாகச் சாய்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டு சொல்லச் சொல்ல, நான் ரசம் வைத்தேன். துவரம்பருப்பு எந்த டப்பா, புளி எவ்வளவு, எப்போது இறக்க வேண்டும் என்று எல்லாம் தெரிந்திருந்தது அவருக்கு. ஓடியாடிய காலத்தில் ஒருநாள்கூட அடுப்புப் பக்கம் வந்ததில்லையாம். நாலு வருஷமாகப் படுத்த இடத்திலிருந்து காதாலும் மூக்காலும் கற்றுக்கொண்டது என்றார். அன்றைக்கு அவர் இரண்டு தடவை சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மறுநாளிலிருந்து ராத்திரிக்கு மெஸ்ஸை நிறுத்திவிட்டோம்.

ராத்திரி ஃபோனில் சொன்னார். செல்வராஜ் அண்ணா அடுக்களையில் ரசம் வைத்தார் அம்மா, நான்தான் போகச் சொன்னேன். லைன் போய்விட்டதோ என்று ரகு இரண்டு தடவை ஹலோ சொன்னார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், நாளைக்கே வேறு வீடு கேட்டுப் போய்விடலாம் என்று மனசு கணக்குப் போட்டது. அப்போதுதான் மாமியின் குரல் வந்தது: "பெருங்காயம் மேல்தட்டுலே, நீலமூடி டப்பாலே இருக்குன்னு சொன்னயோ இல்லையோ?"

பெங்களூரிலிருந்து வந்த செய்தி

மாமி போய் எட்டாம் நாள். காலை ஐந்து மணி. உடம்பு துடைத்துவிடும்போது இடது பிட்டத்தில், உட்காரும்போது ஊன்றும் எலும்புக்கு நேராக, நெல்லிக்காய் அளவு சிவப்பு. என் புத்தகத்தில் இதற்குப் பெட்டி போட்டு எழுதியிருக்கிறது: விரலால் அழுத்து, வெளுத்து மறுபடி சிவந்தால் பயமில்லை, வெளுக்காவிட்டால் உள்ளே கேடு தொடங்கிவிட்டது. அழுத்தினேன். வெளுக்கவில்லை. ஏஜென்சியின் முதல் விதி, சிவப்பு தெரிந்தால் உடனே வீட்டாரிடம் சொல்ல வேண்டும். ரகுவை வலது பக்கம் திருப்பி, தலையணை வைத்து, அவர் மறுபடி கண்ணயர்ந்ததும் கொல்லைப்பக்கம் போய் வீட்டாருக்கு ஃபோன் பண்ணினேன். அதாவது மாமிக்கு.

மறுநாள் மாமிக்கு ஆபரேஷன். ஆஸ்பத்திரியில் அன்று காலை சேர வேண்டும். நான் சொன்னதைக் கேட்டதும் அவருக்கு அந்த ஐந்து மாதமும் கண்முன்னால் வந்திருக்கும். ஆபரேஷன் வேண்டாம், எனக்கு டிக்கெட் போடு என்று ஸ்ரீதரிடம் சொல்லிவிட்டு, மாற்றுப்புடவையைப் பையில் அடைக்க ஆரம்பித்துவிட்டாராம். ஏழு மணிக்கு ஸ்ரீதர் ரகுவுக்கு ஃபோன் பண்ணினார். நான் அடுப்பில் பால் வைத்திருந்தேன். ரகு முழுக்கக் கேட்டுவிட்டு, என்னைக் கூப்பிட்டார். கோபமாகக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னார்: "அண்ணா, என் உடம்புலே ஒரு செவப்பு இருக்காம். பெங்களூர்லேர்ந்து ஃபோன் பண்ணிச் சொல்றா."

ஆள் மாற்றம்

நாலு மாதமாக அவரைத் தினம் தொட்டுக் கழுவிய நான், அவர் தோலை அவரிடம் சொல்லவில்லை. கெட்ட எண்ணமில்லை. வீட்டார் என்று விதியில் இருந்தது, நான் அம்மா என்று வாசித்துக்கொண்டேன். இந்த வேலையில் இருக்கும் நீங்களும் இப்படி எத்தனை தடவை கட்டிலைத் தாண்டிக் கதவுப் பக்கம் பார்த்துச் சொல்லியிருப்பீர்களோ.

எட்டு மணிக்கு ஷாஜி வந்தான். கைமாற்றிவிட்டு வாசல் தாண்டினேன். என் வழக்கம் எனக்குத் தெரியும், தலைகுனிவு வந்தால் வீடு மாறிவிடுவது. தெருமுனையில் நின்று லதா மேடத்துக்கு ஃபோன் பண்ணி, இன்று ராத்திரிக்கு வேறு ஆள் போடுங்கள் என்றேன். காரணத்தைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "ஆள் மாத்தித் தரலாம் செல்வா. பக்ஷே வர்ற ஆளுக்கு இன்னைக்குக் காலையில அந்தச் செவப்பு எவ்வளவு இருந்ததுன்னு எப்படித் தெரியும்?"

பார்க்காத பக்கம்

திரும்பிப் போனேன். ரகுவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஃபோனில் அந்த இடத்தைப் படம் எடுத்துக் காட்டச் சொன்னார். எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன். அடிபட்ட நாளிலிருந்து அவர் தன் பின்பக்கத்தைப் பார்த்ததே இல்லை. டாக்டர் பார்த்திருக்கிறார், அம்மா பார்த்திருக்கிறார், ஏஜென்சியிலிருந்து வந்து போனவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். பழைய பெட்சோர் ஆறிய தழும்பும் படத்தில் இருந்தது. அதைத்தான் அதிக நேரம் பார்த்தார். இவ்வளவு பெரிசா என்று கேட்டார். ஷாஜி மறுபக்கம் திரும்பிக்கொண்டான்.

பிறகு அவருடைய வேலை ஆரம்பித்தது. என் ராத்திரி நோட்டையும் ஷாஜியின் பகல் நோட்டையும் கொண்டுவரச் சொன்னார். எத்தனை மணிக்கு நாற்காலியில் ஏறினேன், எப்போது இறங்கினேன், எந்தப் பக்கம் சாய்ந்தேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ராத்திரி திருப்பியதில் தப்பில்லை. கட்டிலில் போட்டிருக்கும் காற்று மெத்தையில் தப்பில்லை. ஐந்து நாளாகச் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் அடுக்களை வாசலில், அடுப்பு தெரிவதற்காக இடப்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்ததுதான். முழு பாரமும் அந்த ஒரு எலும்பில். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். ஷாஜி ரகுவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அப்போ இது பெட்சோர் அல்ல அண்ணா, ரசம் கூடிப்போனதாக்கும்."

யாரிடம் கேட்பது

பதினோரு மணிக்கு ரகு மாமியைக் கூப்பிட்டார், வீடியோவில். சிவப்பு இருக்கிறது, பார்த்தேன், காரணம் தெரிந்துவிட்டது, இரண்டு நாள் உட்காராமல் கவிழ்ந்து படுத்திருப்பேன், ஆறு மணி நேரத்துக்கு ஒரு படம் எடுப்பேன், குறையாவிட்டால் நானே ஆஸ்பத்திரிக்குப் போவேன் என்றார். உன் முட்டியைச் சரிபண்ணிக்கொண்டு வா அம்மா என்றார். மாமிக்கு அது காதில் ஏறவில்லை. பை தோளில் மாட்டியபடிதான் உட்கார்ந்திருந்தார். செல்வராஜிடம் கொடு என்றார்.

ஃபோன் என் முன்னால் வந்தது. நெஜத்தைச் சொல்லுங்கோ செல்வராஜ், எப்படி இருக்கு, நான் வரணுமா என்று கேட்டார். அழுதிருந்த கண். நான் ஒரு வார்த்தை சொன்னால் அவர் வந்துவிடுவார், வந்தால் கோயம்புத்தூர். வேண்டாம் என்று சொல்லி நாளைக்கு அது புண்ணானால் அதுவும் என் தலையில்தான். ஆனால் நான் ஒதுங்கியது அதற்காக இல்லை. அன்று காலை ஐந்து மணிக்குச் செய்திருக்க வேண்டியதை அப்போதாவது செய்ய வேண்டும் என்றுதான் தோன்றியது. மாமி, நீங்க ரகுகிட்டதான் கேக்கணும், என்னைவிட நல்லா அவரு பாத்தாச்சு என்று சொல்லி ஃபோனை அவர் பக்கமே திருப்பினேன். மாமி பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பையைத் தோளிலிருந்து இறக்கினார். "ரெண்டு நாள் ஆபரேஷனைத் தள்ளிப் போடச் சொல்றேன். பையைப் பிரிக்க மாட்டேன், பாத்துக்கோ."

கவிழ்ந்து கிடந்த இரண்டு நாள்

நான் வீட்டுக்குப் போகவில்லை. ஷாஜியும் ராத்திரி தங்கிவிட்டான். மார்புக்கும் இடுப்புக்கும் கீழே தலையணை அடுக்கி, மூத்திரக் குழாய் மடங்காமல் பார்த்துப் பார்த்து, கட்டிலின் தலைமாட்டில் முக்காலி போட்டு அதில் லேப்டாப்பை வைத்தோம். அவர் கன்னத்தை ஒரு பக்கம் ஊன்றிக்கொண்டே வேலை பார்த்தார். அரைமணிக்கு ஒரு தடவை கழுத்தைப் பிடித்துவிட்டேன். சாதத்தைச் சின்ன உருண்டையாக உருட்டி வாயில் வைத்தேன். ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒரே வெளிச்சத்தில், ஒரே தூரத்திலிருந்து படம் எடுத்து முதலில் அவரிடம் காட்டினேன். மூன்றாவது படத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. அப்போது மட்டும் ஒரு தடவை சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அந்தக் கோயம்புத்தூர் இடத்தில் ஜன்னல் எந்தப் பக்கம் பார்த்திருக்கும் அண்ணா என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். அந்த முதுகுக்கு என் கை தெரியாது என்பது ஞாபகம் வந்து, கையைத் தோளுக்கு மாற்றினேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் ஓரம் மங்கத் தொடங்கியது. மூன்றாம் நாள் விடியற்காலை அழுத்திப் பார்த்தேன். வெளுத்தது. விரலை எடுத்ததும் ரத்தம் மெல்ல வந்து நிறம் திரும்பியது. அவர் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பினேன். சொன்னேன். படத்தைக் காட்டினேன். பக்கத்துத் தரையில் படுத்திருந்த ஷாஜி எழுந்து உட்கார்ந்து படத்தை வாங்கிப் பார்த்தான், அவனுக்கு நம்பிக்கை வரவில்லை, ஃபோனை விட்டுவிட்டு நேரிலேயே போய் ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "சாரமில்ல, பயப்பட ஒண்ணுமில்ல. இனி நான் வீட்டுக்குப் போய் என் பொண்டாட்டிய ஒண்ணு பார்த்துட்டு வரட்டா?"

குடும்பப் பேச்சு

ரகு எல்லாப் படங்களையும் வரிசையாகக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார். முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை, எடுத்த நேரம் எழுதி. அவர் ஆபீஸில் அப்படித்தான் செய்வார்களாம். தப்பு எப்போது கண்டுபிடித்தது, எப்போது சரியானது என்று எல்லோருக்கும் தெரிய வேண்டுமாம். அந்தக் குரூப்பில் ஸ்ரீதரும் மாமியும் மட்டும் என்று நினைத்திருந்தேன். சென்னைச் சித்தப்பா, பாலக்காட்டு மாமா, ஸ்ரீதரின் மாமனார் எல்லோரும் இருந்தார்கள். மாமி அன்று காலையே பையைப் பிரித்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். ஸ்ரீதர் ஃபோன் பண்ணியபோது அவர் குரலில் சிரிப்பா அழுகையா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை: "டேய், நீ அங்கேயே இருந்துக்கோ, நான் இனிமே கோயம்புத்தூர்னு வாயைத் திறக்க மாட்டேன். அந்தப் படத்தையெல்லாம் மட்டும் குரூப்புலேர்ந்து எடுத்துடு."

மாமி புது முட்டிகளோடு திரும்பி இப்போது ஏழு மாதம் ஆகிறது, நான் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறேன், கொசு கடித்த தடிப்பைக்கூட ரகுவை எழுப்பி அவரிடமே முதலில் சொல்லிவிடுகிறேன், அதனால் ராத்திரியில் நிம்மதியாகத் தூங்க விடுகிற ஆளாகப் பார்த்து அனுப்பும்படி அவர் லதா மேடத்திடம் புகார் கொடுத்திருக்கிறார்.